பயிற்சி எடுத்தவள்

1

நோர்வேயில், பேர்கன் நகரத்தில் மழைக்கு லீவு நாள் கிடையாது. பஸ் தரிப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏறிப் போகும் சரிவில் என் சப்பாத்து காய்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அப்படி நனைந்துகொண்டு போன ஒரு காலையில், எங்கள் பிரிவின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருடம் வகுப்பை நீதான் எடுக்கிறாய்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பிரிவு குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கொரு தடவை எங்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு வகுப்பு நடக்கும். றப்பரில் செய்த குழந்தைப் பொம்மையை மேசையில் கிடத்திவிட்டு, "பிள்ளை பிறந்துவிட்டது, அழவில்லை, இனி என்ன?" என்று கேட்பார்கள். துடைக்க வேண்டும். முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும். தலையைச் சரியான வாக்கில் வைக்க வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால், முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்து, றப்பர்ப் பையை அமத்திக் காற்று ஏற்ற வேண்டும். இவ்வளவு காலமும் வரிசையில் நின்று செய்து காட்டிக்கொண்டிருந்தவள் இப்போது முன்னால் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது.

வந்திருந்தவர்கள் எல்லாரும் என் மகள் வயதுப் பெண்கள். பிறந்த பிள்ளையோடு கதைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். அதைச் செய்தும் காட்டினேன். இந்த ஊர் மொழியில் 'புஸ்த்' என்றால் மூச்சு விடு என்று அர்த்தம். பதற்றத்தில் அந்தக் கடைசி 'த்' என் வாயில் நிற்கவில்லை. பொம்மையின் முதுகைத் தடவித் தடவி, "பூஸ், பூஸ், பூஸ்" என்று கெஞ்சினேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பொறுக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் பூனைக்குட்டியைக் கூப்பிடுகிறீர்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன், ஆனாலும் அது என் நாக்கில் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது இதைச் சொன்னேன். அவள் பெயர் அபிராமி. இங்கே எல்லாருக்கும் அபி. கடலோரத்தில் சல்மன் மீன்குஞ்சு வளர்க்கும் ஒரு நிலையத்தில் வேலை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்குத் தண்ணீரில் காற்று போதுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய நாள் முழுக்க உள்ள வேலை. "அம்மாவும் மகளும் ஒரே வேலைதான் செய்யிறியள்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

அபி பூனைக்குட்டிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, நீங்க எங்க ட்ரெய்னிங் எடுத்தனீங்க?"

அவளுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. அதை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் ஒரு பொலிஸ் அதிகாரி.

2

யாழ்ப்பாணத்தில் தாதியாகப் படித்து முடித்த எனக்கு வேலை கிடைத்தது கொழும்பில். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. அம்மா கொக்குவிலில் தனியாக இருந்தா. நான் கொட்டாஞ்சேனையில், றீட்டா அக்கா வீட்டு மேல்மாடி அறையில் இருந்தேன். றீட்டா அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிளார்க். அக்கா வீட்டில் இருந்தபடி தையல் தைப்பார். அறைக்கு ஆள் வந்தால் பொலிஸில் பதிய வேண்டும் என்ற சட்டம் அப்போது இருந்தது. யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரிக்கு அறை கொடுக்கப் பலர் பயந்தார்கள். அக்கா பயந்ததாகத் தெரியவில்லை. "பதிஞ்சா முடிஞ்சிச்சே, அதுக்கென்ன" என்று என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

பிறந்த பிள்ளைகளைப் பராமரிக்கும் விசேட பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரியில் தொடங்கினார்கள். குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் படித்தவர்கள் அந்த நாளில் அங்கே மிகக் குறைவு. பிள்ளை பிறந்து மூச்சு விடாவிட்டால், யாரோ கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவார்கள். வந்தால் வந்தது. அதை மாற்றத்தான் அந்தப் பயிற்சி. என் பெயரையும் கொடுத்தேன். எடுத்தார்கள். வகுப்பில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். எனக்குத் தெரிந்தது வார்ட்டுச் சிங்களம். நோகுதா, பால் குடித்ததா, காய்ச்சல் விட்டதா என்று கேட்கத் தெரியும். அதற்கு மேல் போனால் தலையாட்டுவேன். பக்கத்தில் இருந்தவள் அதைக் கவனித்துவிட்டாள். நிலந்தி. குருநாகல் பக்கத்துக் கிராமத்துப் பெண், என் வயதுதான், தாதியர் விடுதியில் இருந்தாள். விரிவுரை முடிந்ததும் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, எனக்கு விளங்காததை மெதுவான சிங்களத்திலும் உடைந்த ஆங்கிலத்திலும் கை அசைவிலும் திரும்பச் சொல்லுவாள். ஆங்கிலப் புத்தகத்தில் அவளுக்குப் புரியாததை நான் சொல்லுவேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மாணவி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். "என்ர மல்லி" என்றுதான் சொல்லுவாள், சிங்களத்தில் தம்பிக்கு அதுதான் சொல். ஆமியில் சேர்ந்து வடக்குக்குப் போயிருந்தான். அவன் எங்கள் ஊர்ப் பக்கம் நிற்கிறான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அவன் சின்ன வயதில் செய்த குழப்படிகளைப் பற்றித்தான் கதைப்பாள். மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுத கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

பயிற்சிக்கு என்று வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மை ஒன்றே ஒன்று இருந்தது. அதன் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பலூன். மாஸ்க்கைச் சரியாகப் பிடித்துப் பையை அமத்தினால்தான் நெஞ்சு உயரும். தலை ஒரு விரலளவு முன்னுக்குச் சரிந்தாலும் காற்று போகாது. பரீட்சை நெருங்கியபோது, ஆளுக்கொரு சனி ஞாயிறு அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகலாம் என்று அனுமதி தந்தார்கள். என் முறை வந்தது.

3

வெள்ளிக்கிழமை பின்னேரம். பொம்மையைத் துவாயில் சுற்றி, மாஸ்க்கையும் றப்பர்ப் பையையும் பக்கத்தில் வைத்து, ஒரு பயணப் பையில் போட்டுக்கொண்டு பொரளையில் பஸ் ஏறினேன். அந்தக் கிழமை நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. அப்படியான கிழமைகளில் பஸ்ஸுக்குள் சனம் கதைக்காது. தமிழ்ச் சனம் இருமக்கூட யோசிக்கும்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையாக நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பையைத் திறக்க வேண்டும். என் பையை ஒரு இளம் ஆமிக்காரன் திறந்தான். துவாயை விலக்கினான். இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பையை அப்படியே தார் வீதியில் விட்டுப் பின்னால் பாய்ந்தான். அடுத்த கணம் எனக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. சனம் மதிலோரம் ஒதுங்கிவிட்டது. நடுவீதியில் நானும் அந்தப் பையும்.

அங்கே நின்ற பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து நீளத் தடியால் துவாயைக் கிளப்பிப் பார்த்தார். பொம்மையின் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழாயும் றப்பர்ப் பையும்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

வார்ட்டுச் சிங்களத்தில் அதற்கு வார்த்தை இல்லை. வகுப்பில் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய ஒரு சொல்தான் வாயில் வந்தது. "மம புஹுணுவ கன்னவா" என்றேன். நான் பயிற்சி எடுக்கிறேன்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் சொல்லக் கூடாத வசனம் ஒன்று இருந்தால் அது அதுதான். பயிற்சி என்றால் இயக்கத்தில் எடுக்கும் துவக்குப் பயிற்சி, வேறு அர்த்தம் கிடையாது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கப்பட்டதும் அதுதான்: பயிற்சி எடுத்தாயா?

"எங்கே எடுக்கிறாய்?"

"கொழும்பில்."

"யார் தருவது?"

"டொக்டர்மார்."

"இதை யார் தந்தது?"

"வெளிநாட்டில் இருந்து வந்தது" என்றேன். சொன்ன பிறகுதான், ஒவ்வொரு பதிலும் என்னை எங்கே கொண்டுபோகிறது என்று விளங்கியது. அவர் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஜீப்பில் ஏறச் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் இருத்தினார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் பொம்மையைக் கிடத்திவிட்டு அதற்கு எதிரே அமர்ந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "நீ எங்க ட்ரெய்னிங் எடுத்தது? உண்மை சொல்லு" என்றார். நான் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். அவர் தொலைபேசியைச் சுழற்றினார். வெள்ளிக்கிழமை பின்னேரம், காரியாலயத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. அவர் ரிசீவரைப் படாரென்று வைத்தார். அப்படியான வாங்குகளில் இருந்தவர்களில் சிலர் வருடக்கணக்காக வீட்டுக்குத் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் என்னோடு வந்த அயலவர் ஒருவர் ஓடிப் போய் றீட்டா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா கொமியுனிகேஷன் கடைக்குப் போய்த் தாதியர் விடுதிக்குக் கோல் எடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நிலைய வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றதும், வெள்ளைச் சீருடையோடு நிலந்தி இறங்கி வந்ததும், பின்னாலேயே றீட்டா அக்கா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்ததும்தான்.

நிலந்தி என்னைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போனாள். அவள் சிங்களத்தில்தான் சொன்னாள், என் நினைவில் தமிழாகவே தங்கிவிட்டது.

"சேர், இந்தப் பொம்மையில நானும் பயிற்சி எடுத்தனான். அவளைப் பிடிச்சா என்னையும் பிடிக்க வேணும்."

"நீர் ஆர்?"

"நேர்ஸ். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. மேசையைக் கொஞ்சம் ஒதுக்கித் தாங்க, காட்டிறம்."

அவர் மறுப்பதற்குள் பைல்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "யசோ, வா. நீ காட்டு."

எழும்பிப் போனேன். மாஸ்க்கை வைத்துப் பையை அமத்தினேன். காற்று ஓரத்தால் சீறிக்கொண்டு போனது. பொம்மையின் நெஞ்சு அசையவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப அமத்தினேன். அசையவில்லை. வகுப்பில் எத்தனையோ தரம் சரியாகச் செய்தவள், அந்த இடத்தில் என் கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது.

நிலந்தி துவாயின் ஓரத்தை மடித்துப் பொம்மையின் தோளுக்குக் கீழே வைத்தாள். தன் கையை என் கைக்கு மேல் வைத்தாள். கை சூடாக இருந்தது. "பிள்ளையை மட்டும் பார்" என்றாள்.

அமத்தினேன். நெஞ்சு உயர்ந்தது. விட்டேன், பதிந்தது. மறுபடி உயர்ந்தது. அறையில் நின்ற பொலிஸ்காரர்கள் கிட்ட வந்தார்கள். ஒரு பெண் பொலிஸ், "ஐயோ, உயிர் இருக்கிற மாதிரியே" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பிறகு நிலந்தியைக் கேட்டார்: "இவளுக்கு நீர் எப்படிப் பொறுப்பு நிப்பீர்? இவளைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"என்ர மல்லி ஆமியில, சேர். இப்ப வடக்கில நிக்கிறான்" என்று அவனுடைய பெயரையும் படைப்பிரிவையும் சொன்னாள். "அவன்ர பேரில சொல்லுறன். இவள் பிழையான ஆள் இல்லை."

அந்தப் பெயரை அவர் எழுதிக்கொண்டார். என்னைப் போகச் சொன்னார். பொம்மை மட்டும் பரிசோதனைக்காக அங்கேயே இருக்க வேண்டும் என்றார். நிலந்தி அதற்கும் வாதாடப் பார்த்தாள். றீட்டா அக்கா அவளுடைய சீருடையைப் பிடித்து இழுத்து, "போதும் புள்ள, இவ கிடைச்சாவே அது போதும்" என்று வெளியே கொண்டுவந்தார். வாசலைத் தாண்டியதும் நிலந்தி வீதியோரத்தில் குந்திவிட்டாள்.

4

பொம்மை திரும்பி வரவில்லை. பரீட்சைக்கு முன் பழக ஒன்றும் இல்லாமல் வகுப்பே தவித்தது. சிலர் என்னைக் கோபமாகப் பார்த்தார்கள். 'பிரச்சினை இல்லாத' ஒருவரை என் இடத்துக்கு எடுக்கலாம் என்று காரியாலயத்தில் ஒரு பேச்சு வந்ததாகவும் கேள்விப்பட்டேன். பாடம் நடத்திய சிஸ்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்த றீட்டா அக்கா மெஷினில் உட்கார்ந்து, வெட்டுத் துணியில் ஒரு பிள்ளை தைத்தார். இலவம் பஞ்சு, பாரத்துக்குக் கொஞ்சம் மணல். கழுத்து மட்டும் தளர்வாக ஆட வேண்டும் என்று நான் சொன்னதால் அதை மூன்று நான்கு தரம் பிரித்துத் தைத்தார். நெஞ்சு உயராதுதான். ஆனால் தலையைப் பிடிக்கவும், சுற்றவும், துடைக்கவும் பழகலாம். அதைப் பார்த்த நிலந்தி, "இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்று கேட்டாள். அக்கா அவளுக்கு வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு பேரும் பாஸ். இரண்டு பேரையும் ஒரே வார்ட்டில் போட்டார்கள்.

5

அடுத்த வருடம் வடக்கில் ஒரு பெரிய சண்டை நடந்தது. நிலந்தியின் தம்பி காணாமல் போனவர்களின் வரிசையில் வந்தான். உடல் கிடைக்கவில்லை. அவள் ஊருக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது மெலிந்திருந்தாள். என் டியூட்டி வராத நேரமாகப் பார்த்துத் தன் டியூட்டியை மாற்றிக்கொண்டாள். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நான் அவளிடம் என்ன சொல்வது? அவளுடைய தம்பியின் பெயரால் நான் வீட்டுக்கு வந்தவள். அந்தத் தம்பி என் ஊர் மண்ணில் எங்கேயோ கிடக்கிறான். கவலைப்படுகிறேன் என்று சொல்ல எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. வார்ட்டில் மற்ற இரண்டு மூன்று பேரும் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருந்து சாப்பிடப் பழகினேன்.

ஒரு காலை, ஆள் குறைவு என்பதால் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். வத்தளையிலிருந்து ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவள், மாதம் முந்திவிட்டது. டொக்டர்மார் சத்திரசிகிச்சை அறையில் இருந்தார்கள். பிள்ளை என் கையில் வந்தது. வெள்ளை வெளேரென்று, ஈரத் துணிபோலத் துவண்டு கிடந்தது. பெண் பிள்ளை.

துடைத்தேன். தடவினேன். தலையை வைத்து மாஸ்க்கைப் பிடித்துக் காற்று ஏற்றினேன். நெஞ்சு உயர்ந்தது. ஆனால் தொப்புள்கொடியில் துடிப்பு மிக மெதுவாக இருந்தது. இதயத்தை அமத்த இன்னொரு ஆள் வேண்டும். நிமிர்ந்தேன். நிலந்தி எனக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். இரண்டு பெருவிரலையும் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள்.

அந்த வேலையை இரண்டு பேர் செய்வதென்றால் ஒரு தாளம் வேண்டும். மூன்று தரம் அமத்த வேண்டும், பிறகு ஒரு மூச்சு. அமத்துகிறவள்தான் எண்ண வேண்டும், மற்றவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு காற்று ஏற்ற வேண்டும். நிலந்தி வாயைத் திறந்தாள்.

"எகய், தெகய், துனய், ஹுஸ்ம."

ஒன்று, இரண்டு, மூன்று, மூச்சு. எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அவள் 'ஹுஸ்ம' என்று சொல்லும் இடத்தில் நான் பையை அமத்தினேன். அவளுடைய குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. நான் பிள்ளையோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தேன். "அழு குஞ்சு, ஒருக்கா அழு, அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா" என்று என்னவெல்லாமோ சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் நிலந்தி எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். துடிப்பு வந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள். பிள்ளையின் உதட்டில் நிறம் வந்தது. பிறகு ஒரு சத்தம், கதவு கிரீச்சிடுவதுபோல் மெல்லிசாக. அழுகைதான்.

கை கழுவும் தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயைப் பார்த்தபடி கேட்டாள்.

"உன்ர அம்மா இருக்கிற இடத்தில இப்ப மழையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"தெரியாது நிலந்தி" என்றேன். "எனக்கும் அங்கயிருந்து ஒரு செய்தியும் இல்லை. கனநாள். அம்மா இருக்கிறாவோ எண்டுகூடத் தெரியாது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஈரக் கையோடு என் தோளில் சாய்ந்தாள். அப்படியே நின்றோம், வெளியே யாரோ கதவைத் தட்டும்வரை.

6

அபிக்கு இதை ஒரே நாளில் சொல்லவில்லை. அவள் வரும் ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவளுடைய தமிழ் இப்போது சாப்பாட்டு மேசை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சோறு, குழம்பு, போதும், காணும், போட்டு வாறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்தியபோது நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றியது நோர்வேஜிய மொழியில். 'சோதனைச் சாவடி' என்று நான் சொன்னால் அவளுக்குப் புரியாது. அதை இந்த மொழியில் சொன்னால் விமான நிலையம் நினைவுக்கு வருகிறது. சில சொற்களை நான் மேசையில் கரண்டியையும் கோப்பையையும் வைத்து விளக்க வேண்டியிருந்தது.

கலியாணம் செய்து நான் இங்கே வந்த கதையும் கேட்டாள். வந்ததும் என் சான்றிதழ்களைக் கொண்டு ஒரு காரியாலயத்துக்குப் போனேன். தாதிப் படிப்பை ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள். விசேட பயிற்சியை ஏற்கவில்லை. எத்தனை மணித்தியாலம், என்ன பாடம், எந்தக் கருவியில் பழகினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எந்தக் கருவி என்ற இடத்தில் என்ன எழுதுவது? பொலிஸ் வைத்துக்கொண்ட பொம்மை என்றா, றீட்டா அக்கா தைத்த பிள்ளை என்றா? முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் வயதானவர்களுக்குச் சாப்பாடு ஊட்டி, பின்னேரம் மொழி வகுப்புக்குப் போய், மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத்தான் இந்தப் பிரிவுக்குள் நுழைந்தேன். முதல் நாள் ஒரு குறைமாதப் பிள்ளையைக் கையில் எடுத்தபோது, என் விரல்கள் யாரையும் கேட்காமல் தங்கள் இடத்துக்குப் போயின. பக்கத்தில் நின்ற நோர்வேக்காரி, "இதை முன்னமே செய்திருக்கிறாய்" என்றாள். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"அந்த நிலந்தி அன்ரிக்கு என்ன நடந்தது?" என்று அபி கேட்டாள்.

7

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது அபி கைக்குழந்தை. எனக்குப் போக வழியில்லை. நிலந்தி போனாள்.

அவள் அப்போது கொழும்பில் அதே பயிற்சியை நடத்துகிறவளாகிவிட்டாள். வடக்கில் அந்த வேலை தெரிந்தவர்கள் இல்லை, யார் போகத் தயார் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் கை உயர்த்தியிருக்கிறாள். ஒரு பெட்டியில் இரண்டு பொம்மைகளோடு யாழ்ப்பாணம் போய் இறங்கி, எங்கள் ஊர்த் தாதியருக்கு வகுப்பு எடுத்தாள். விடுதியில் தங்கவில்லை. கொக்குவிலில் விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டாள்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நிலந்திக்குத் தமிழில் வார்ட்டில் பொறுக்கிய சொற்கள்தான். நான் கோல் எடுத்தால் அம்மா சொல்லுவா, "உன்ர சிநேகிதி நல்லாக் கதைக்கிறாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா நல்லாக் கதைக்கிறாள்."

வகுப்பு முடியும் நாளில் நிலந்தி தொலைபேசியில் என்னோடு கதைத்தாள். தம்பியோடு நின்ற ஒருவன் பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்து, அவனைக் கடைசியாகக் கண்ட இடத்தைச் சொல்லியிருக்கிறான். தெற்கே போகும் பெருவீதியில், ஒரு உடைந்த பாலத்துக்கு அருகே. அங்கே ஒருமுறை போக வேண்டும் என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, அம்மா கூட வருவாவா என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"இவளின்ர தம்பியின்ர பேரைச் சொல்லித்தானே உன்னை விட்டவங்கள்?"

"ஓம் அம்மா."

"அப்ப நான் போகத்தான் வேணும்" என்றா அம்மா.

அடுத்த நாள் ஒரு வான் பிடித்துப் போயிருக்கிறார்கள். நான் இங்கே அபியை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அங்கே பின்னேரமாகும் நேரம் கணக்குப் பார்த்து எடுத்தேன். அம்மாதான் எடுத்தா.

"போனனீங்களோ அம்மா?"

"போனம் பிள்ளை. ஆமி, இயக்கம் ரெண்டு பக்கத்துக் காவலும் தாண்டித்தான் போனது. ஆர் இவ எண்டு கேட்டாங்கள். எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு சொன்னன்."

"பிறகு?"

"பாலத்தடியில இறங்கினம். றோட்டை விட்டுக் கீழ இறங்கேலாது. மிதிவெடி எண்டு சிவப்பு அட்டை கட்டியிருக்கு. முத்தத்தில ஆய்ஞ்ச நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் கொண்டுபோனனாங்கள். அதை எங்க வைக்கிறதெண்டு தெரியாம அவள் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். அழவும் இல்லை. பத்தைக்காட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். எனக்குப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு. நான் கூப்பிட்டன்."

"ஆரை அம்மா?"

"அவனைத்தான். தம்பி, இஞ்ச பார் ராசா, உன்ர அக்கா வந்திருக்கிறா எண்டு கூப்பிட்டன். கூப்பிட்ட பிறகுதான் அவனுக்குத் தமிழ் விளங்காதே எண்டு ஞாபகம் வந்தது. அப்ப அவள் என்னைப் பாத்தாள். பிறகு அவளும் கூப்பிட்டாள். மல்லி, மல்லி எண்டு. நான் தம்பி எண்டு கூப்பிட, அவள் மல்லி எண்டு கூப்பிட, கனநேரம் நிண்டம் பிள்ளை. வான்காரப் பெடியனும் இறங்கித் தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிண்டவன். பிறகு பூவைக் காத்தில எறிஞ்சுபோட்டு வந்திட்டம்."

அபி தொலைபேசிக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்து சாப்பிட்டவளோ அம்மா?"

"ஓம். ரெண்டாந்தரமும் சோறு வாங்கினவள்."

"இப்ப எங்க?"

"உன்ர கட்டிலிலதான். படுத்தவுடனேயே நித்திரையாப் போனாள். எழுப்பட்டோ?"

"வேண்டாம் அம்மா" என்றேன். "எழுப்பாதேங்கோ. அவள் நித்திரை கொள்ளட்டும்."